தேவகி அக்கா பொய் எழுத மாட்டார்

வாய் ஓயாமல் பேசுகிறவர்களின் கையில் பேனாவைக் கொடுத்து ஊமையாக்குவதுதான் கட்டுரை சொல்லிக்கொடுக்கும் தொழில். என்னைப் போலவே அவதிப்படும் தமிழாசிரியர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வார நாட்களில் எனக்குப் பள்ளிக்கூடம். சனிக்கிழமை மதியம் எர்ணாவூர் சமுதாயக் கூடத்தில், பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதும் பெண்களுக்குத் தமிழ் வகுப்பு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் மாணவிகள் தாமதமாக வருவார்கள். லாரியே இல்லாத நாளிலும் தாமதமாகத்தான் வருவார்கள், காரணம் மட்டும் அதே லாரி.

கரையில் நின்றவள்

பாடப் புத்தகத்தில் ஒரு பழைய பாட்டு. போன காதலன் திரும்பவில்லை, கடற்கரையில் நின்று ஒருத்தி உருகுகிறாள். வகுப்பே கொதித்துப்போனது. வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் ரஹ்மத், "அவனுக்கு வேற வூடு கீது டீச்சர்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். பாட்டில் வரும் தோழி மேல் தப்பா, தாய் மேல் தப்பா என்று இரண்டு வாரம் பஞ்சாயத்து நடந்தது. இலக்கியம் உள்ளே இறங்கிவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தேவகி அக்கா மட்டும் அந்தப் பஞ்சாயத்தில் சேரவில்லை. அங்கன்வாடியில் உதவியாளர். குழந்தைகளுக்குச் சோறாக்கி, மூக்கைத் துடைத்து, தூங்கவைக்கிறவர். பத்தாவது பாஸானால் அங்கேயே டீச்சராகலாம். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டார், தமிழ்தான் காலை வாரிக்கொண்டே இருந்தது. "இது மெய்யாலும் நடந்துச்சா டீச்சர்?" என்று கேட்டார். இல்லக்கா, புலவரின் கற்பனை என்றேன். புத்தகத்தை மூடி வைத்தார். "நடக்காத விசயத்துக்கா ரெண்டு வாரமா அழுதுகினு கீறோம்?"

எரிகிற விளக்கு

'உங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. மாநகராட்சிக்குக் கடிதம் எழுதுக.' எல்லாரும் இருட்டில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதினார்கள். ரஹ்மத் தன் மாமியாரையே சாக்கடையில் தள்ளியிருந்தாள், கொஞ்சம் சந்தோஷமாகவே.

தேவகி அக்காவின் தாள் வெள்ளை. பரீட்சையிலும் அவர் கட்டுரைப் பக்கத்தை இப்படித்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறார். என்னக்கா ஆச்சு என்றேன். "எங்க தெருவுல லைட்டு எரிஞ்சுகினுதான் கீது டீச்சர். அந்த லைட்டுக்காரரு புள்ளகுட்டிக்காரரு, அவர இன்னாத்துக்கு மாட்டிவுடணும்?"

காகிதம்

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பரீட்சைக்குத்தானே, சும்மா எழுதினால் என்ன என்று கத்தினேன். வகுப்பு முடிந்ததும் அக்கா என்னை உட்காரவைத்துச் சொன்னார். சின்ன வயதில் அவர்கள் குடும்பம் கடலோரக் குடிசையில் இருந்தது. குடிசைகளை எடுத்துவிட்டு வீடு தருவதாகச் சொல்லிக் கணக்கெடுக்க வந்தார்கள். இன்னொரு வீடும் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஊரில் கட்டிக்கொடுத்த மூத்த மகளும் கூடவே இருப்பதாக அம்மா எழுதிக்கொடுத்துவிட்டார். விசாரித்தார்கள். பொய் என்று தெரிந்ததும் பட்டியலிலிருந்து பெயரையே அடித்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் எர்ணாவூரில் வீடு கிடைத்தது. அக்கா இன்றும் அதே குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறார்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. அவர்தான் என்னைத் தேற்றினார். "வாயால எவ்ளோ வேணா புளுகலாம் டீச்சர். பேப்பர்ல ஒண்ணு புளுகனா வூடு பூடும்."

மீஞ்சூர் சுற்றுலா

கைடு புத்தகத்தில் 'ரயில் பயணம்' என்று ஒரு கட்டுரை உண்டு. ஜன்னலுக்கு வெளியே பச்சைப் பசேல் வயல், சலசலக்கும் ஆறு, மாமா வீட்டில் பலாப்பழம். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இந்த ஒரே மாமாதான். தேவகி அக்காவுக்கு அப்படி ஒரு மாமா கிடையாது. என்ன செய்யலாம் என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்க, அவரே வழி சொன்னார். போய்விட்டு வந்துவிட்டால் பொய் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முழுக்க மின்சார ரயிலேறி மீஞ்சூருக்குப் போனோம். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம், அடுத்த ரயிலில் திரும்பினோம். வயலும் இல்லை, சலசலக்கும் ஆறும் இல்லை. அடுத்த சனிக்கிழமை அக்கா மூன்று பக்கம் எழுதி நீட்டினார், புகைபோக்கி, உப்புக்காற்று, சாதத்தில் உப்பு குறைந்தது உட்பட. நான் அழாமல் இருந்ததே பெரிது.

பிறகு 'பொருட்காட்சி' என்ற தலைப்புக்காகத் தீவுத்திடலுக்குப் போனோம். ராட்டினம் என்றால் அக்காவுக்கு உயிர்ப் பயம். கட்டுரையில் அது வந்தே தீருமென்பதால் ஏறிவிட்டார். உச்சிக்குப் போனதும் ஒரு அலறல் கேட்டது. "டீச்சர், முடிவுரை வந்துடுச்சு, எறக்கிவுடச் சொல்லுங்க!"

நிலா

பரீட்சையன்று கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். முதலில் வந்த ரஹ்மத் வினாத்தாளை நீட்டினாள். நிலவுக்கு நீங்கள் சென்றுவந்த பயணம், அல்லது வெளிநாட்டில் நீங்கள் கழித்த விடுமுறை. இரண்டில் ஒன்றுக்குக் கட்டுரை எழுத வேண்டும். நாங்கள் மீஞ்சூர் வரைதான் போயிருந்தோம்.

தேவகி அக்கா கடைசி ஆளாக வந்தார். கையெல்லாம் மை. கூடுதல் தாள் வாங்கி எழுதியிருக்கிறார். எப்படிக்கா என்றேன். முதல் வரியில், 'நான் நிலவுக்குப் போகவில்லை, இது நிஜம் இல்லை' என்று எழுதிவிட்டாராம். "அத்த மொதல்லயே சொல்லிட்டேன்ல, அப்பறம் எவன் வந்து விசாரிக்கப் போறான்?" அப்படி என்னதான் எழுதினீர்கள் என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நெலாவுல ஒரு வூடு கட்டிக்கினேன் டீச்சர். ரெண்டு ரூமு. அம்மா பேர்ல."

தேறிவிட்டார். இப்போது அங்கன்வாடிப் பிள்ளைகள் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருடைய அந்த முதல் வரி வகுப்பில் பரவி, இந்த வருஷத்து மாணவிகள் எல்லாரும் 'இது நிஜம் இல்லை' என்று போட்டுவிட்டுத்தான் கட்டுரையையே ஆரம்பிக்கிறார்கள், 'எனக்குப் பிடித்த ஆசிரியர்' உட்பட.