நீலம் இல்லாத கட்டம்

என் மகளைக் கடல் கொண்டுபோனது கோடையில். மழைக்காலம் தொடங்கியபோது, அவள் பெயரில் நெய்யப்போகும் ஒரு துணிக்கு நிறம் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள்.

அவள் ஒரு பைப் பேண்டில் ட்ரம் வாசித்தாள். பேக்பைப் ஊதுகிறவர்களும் ட்ரம் அடிக்கிறவர்களும் கட்டம் போட்ட கில்ட் என்ற பாவாடை அணிந்து அணிவகுத்துப் போகும் ஸ்காட்லாந்து வழக்கம் அது. தமிழ்ப் பெண்ணுக்கு இது எதற்கு என்று ஆரம்பத்தில் நானும் கேட்டேன். ஒருநாள், நாங்கள் குடியேறியிருந்த மவுண்ட் ஆல்பர்ட்டில், எங்கள் வீட்டுக் கராஜில் அவள் வாசிப்பதைக் கேட்ட பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். பேண்டுக்குப் புது கில்ட் தைக்க வேண்டியிருந்தது. பழைய கட்டத்தை விட்டுவிட்டு அவள் நினைவாகப் புதிதாக ஒரு டார்டன், அதாவது கில்ட்டுக்கான கட்டத்துணி, வடிவமைக்கலாம் என்று பேண்ட் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். வெள்ளைக்காரர், வயதானவர். பேசி முடிக்கும்வரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றே இருந்தார். உட்காரச் சொல்ல எனக்கும் மனைவிக்கும் தோன்றவில்லை.

அவர் போன பிறகு மனைவி கேட்டாள்: "வரையப்போறது யாராம்?"

சொன்னேன். அவள் முகம் இறுகியது.

வரையப்போகிறவர் எங்கள் நகரிலேயே த்ரீ கிங்ஸ் பகுதியில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. கம்ப்யூட்டரில் டிசைன் செய்வது அவர் தொழில். அவருடைய மகளும் அதே பேண்டில் ட்ரம் வாசித்தவள். என் மகளோடு அன்று கடலுக்குப் போனவள். இரண்டு பேரையும் ஒரே அலைதான் இழுத்தது. அந்த அம்மாவின் மகளை உயிர்காப்பாளர்கள் தூக்கிவிட்டார்கள். எங்கள் பிள்ளையைக் கடல் சில நாட்கள் கழித்துத் திருப்பிக் கொடுத்தது.

"நான் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். நீங்க வேணா போங்க," என்றாள் மனைவி.

போனேன். சனிக்கிழமைகளில் மனைவி ஆஸ்பத்திரி லேபுக்கு வேலைக்குப் போனதும் நான் த்ரீ கிங்ஸுக்குக் காரை எடுப்பேன். அந்த அம்மா டீ வைத்துக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் எனக்கும் ஒரு நாற்காலி போடுவார். நாங்கள் அதிகம் பேசியதில்லை. பேச வேண்டியதைப் பேசாமலிருக்க அந்தத் திரை எங்கள் இருவருக்குமே உதவியாக இருந்தது.

"பிள்ளைக்கு என்ன நிறம் விருப்பம், அண்ணா?" என்று முதல் நாள் கேட்டார்.

நீலம் என்றேன். அவளே பெயின்ட் வாங்கி வந்து தன் அறைச் சுவரில் அடித்த நீலம். அந்த நிறத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் எப்போதும் உடுத்தும் கறுப்பு, பேண்டின் பழைய கட்டத்திலிருந்த சாம்பல், இவற்றோடு நடுவில் அகலமாக நீலம்.

டார்டனை நான் அதுவரை கைலிக் கட்டம் மாதிரி ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். அவர்தான் விளக்கினார். "நெடுக்கால போற அதே கோடுகள் அதே வரிசையில குறுக்கால போகும். ஒரு நிறம் தன்னைத்தானே கடக்கிற இடத்தில மட்டும்தான் அது தெளிவா இருக்கும். மற்ற நிறத்தைக் கடக்கேக்க ரெண்டும் கலந்து மூண்டாவது நிறம் ஒண்டு வரும். அதை நாங்கள் தெரிவு செய்யேலாது. அது தானா வாறது."

அவருடைய மகளை அந்த வீட்டில் நான் பார்க்கவே இல்லை. உள்ளே ஓர் அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். ஒருமுறை அந்த அம்மாவே சொன்னார்: "பள்ளிக்கூடம் போறாளில்லை. ட்ரம்மைத் தொடுறாளில்லை. குளிக்கிறதுக்கே நான் கதவுக்கு வெளியில நிண்டு கதைச்சுக்கொண்டிருக்க வேணும்." சொல்லிவிட்டு, என்னிடம் போய் இதைச் சொன்னோமே என்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.  உங்கள் மகள் குளிக்கவாவது செய்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வடிவம் முடிந்ததும் அதைப் பெரிய தாளில் அச்செடுத்து மேசைமேல் விரித்தார். கறுப்பும் சாம்பலும் ஓட, நடுவில் என் மகளின் நீலம். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கதவு திறந்தது.

அவளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தாள். மேசை அருகில் வந்து தாளைப் பார்த்தாள். நீலமும் கறுப்பும் கடக்கும் இடத்தில், இருண்டு சாம்பல் கலந்ததுபோல ஒரு நீலம் வந்திருந்தது. அவள் விரல் அந்த இடத்துக்குத்தான் போனது.

ஆங்கிலத்தில், மெதுவாகப் பேசினாள். தண்ணீருக்குள் இந்த நிறம்தான் இருந்தது என்றாள். இருவரும் கை கோத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றார்களாம். காலடி மணல் நழுவியதும் கையை விடாதே என்று என் மகள் கத்தினாளாம். உள்ளே போன பிறகு யார் கை யாரை விட்டது என்று தனக்குத் தெரியவில்லை என்றாள். "இதை என்னால் உடுத்த முடியாது, அங்கிள்," என்றாள். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அந்த அம்மா அழவில்லை. தாளைச் சுருட்டினார். "அண்ணா, அவள் சொன்னதைப் பெரிசா எடுக்காதேங்கோ. இது உங்கட பிள்ளையின்ர துணி. நீங்கள் சொல்லுறதுதான்."

கறுப்பை எடுத்துவிட்டு நீலத்தை வைத்துக்கொள்ள வழியுண்டா என்று கேட்டேன். எடுத்தாலும் சாம்பலைக் கடக்கும்போது ஏறக்குறைய அதே நிறம்தான் வரும் என்று திரையில் காட்டினார். ஒரு நிறத்தை உள்ளே வைத்துவிட்டால் அது எல்லாவற்றையும் கடந்தே தீரும்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். மகள் கடைசியாகக் கத்திய சொல்லையும் சொன்னேன்.  மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீலம் இருக்கணும்."

"அந்தப் பொண்ணால போட முடியாதாம்மா."

"போடட்டும். ஒவ்வொரு தடவையும் அதைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கட்டும். என் புள்ள அதுக்குள்ளதானே கெடந்தா? அவளுக்கு ஒரு பாவாடை கட்டக்கூட முடியாதோ?"

 அவள் சொன்னதில் என் மனதிலிருந்ததும் கொஞ்சம் இருந்தது. ஒரு வாரம் முழுக்க நகரத்துக்கு ரயிலில் போகும்போதும் வரும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கஷ்டப்பட வேண்டும் என்று எனக்கும் இருந்தது. ஆனால் கண்ணை மூடினால் தாளின்மேல் அந்த இடத்தைத் தொட்ட விரல் தெரிந்தது. என் மகள் விடாதே என்று கத்தியது அவளைப் பார்த்துத்தான்.

அடுத்த சனிக்கிழமை நீலத்தை எடுத்துவிடச் சொன்னேன். அதற்குப் பதிலாக என்ன போடுவது என்று தெரியவில்லை. சாத்திய கதவுக்கு வெளியே நின்று அந்த அம்மா கேட்டார். என் மகளின் ட்ரம் குச்சிகளில் ஆரஞ்சு டேப் சுற்றியிருக்கும் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில் மெல்லிதாக ஓர் ஆரஞ்சுக் கோடு போட்டோம். பார்க்க அப்படியொன்றும் அழகாக இல்லை.

நாட்டின் தெற்குத் தீவில் ஓர் ஆலையில் நெய்து, பேண்டுக்குப் போக எங்களுக்கென்று ஒரு துண்டுத் துணி அனுப்பினார்கள். மனைவி அதை மடியில் விரித்துப் பார்த்தாள். கனமான கம்பளி. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கையால் தடவிக்கொண்டே போனாள்.

"நீலம் எங்க?"

"எடுக்கச் சொல்லிட்டேன்."

"என்னைக் கேட்டீங்களா?"

"இல்ல."

துணியை மடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு பல வாரங்கள் தேவையானதை மட்டும் பேசினோம். அந்த வீட்டில் ஏற்கெனவே சத்தம் குறைந்திருந்தது. மிச்சமிருந்ததும் போனது.

அடுத்த கோடையில், நகருக்குத் தெற்கே புக்கெகோஹியில் நடந்த ஒரு விழாவில் பேண்ட் புது கில்ட்டோடு வாசித்தது. நான் தனியாகப் போனேன். மைதானத்தின் ஓரத்தில் நின்றேன். என் மகள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் அவள் துணியைக் கட்டிக்கொண்டு சிரித்துப் பேசி ட்ரம்மைத் தோளில் மாட்டினார்கள். அவர்கள் எல்லோருக்கும் உயிர் இருந்தது. அது தாங்க முடியாததாக இருந்தது. அந்தப் பெண்ணும் வரிசையில் இருந்தாள். தலை நிமிரவில்லை. வாசித்து முடித்ததும் என்னிடம் வந்து நின்றாள்.  நான் தலையை அசைத்துவிட்டுக் காருக்குப் போனேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அவ வந்திருந்தாளா?"

"ஆமா."

"வாசிச்சாளா?"

"வாசிச்சா."

கத்தி கொஞ்ச நேரம் நின்றது.

"ரொம்ப மெலிஞ்சுட்டாளா?"

"ஆமா," என்றேன்.

 மீதி பீன்ஸை எடுத்து நறுக்கத் தொடங்கினாள்.