பீச்சாங்கையால் விழுந்த அடி

எங்கள் நூம்பல் பக்கத்து அடிதடியில் ஜெயிப்பவன் பலசாலி இல்லை. அடித்த கையோடு ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரியில் போய்ப் படுக்கிறானே, அவன்தான். டாக்டர் காயத்தை எழுதி ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்பிவிடுவார். வீட்டிலேயே பத்துப் போட்டுக்கொண்டு கிடந்தவன் குற்றவாளி ஆகிவிடுவான். தெருவுக்கே தெரிந்த இந்தச் சூட்சுமம் என் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாவுக்குத் தெரியவில்லை.

அவள் அம்மா நாற்று நட்ட நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அதில் படிக்கட்டு துடைப்பதுதான் அவள் வேலை. புருஷன் வேம்புலி வேலப்பன்சாவடி குடோனில் மூட்டை தூக்குகிறவன். இருவரும் யார் வம்புக்கும் போகாதவர்கள்.

வம்பு வீடு தேடி வந்தது. மனை புரோக்கர் உதயகுமார் தன் மனைக்கு வழி வேண்டுமென்று ஆட்களோடு வந்து அவர்கள் குளியலறைச் சுவரை இடித்தான். தடுக்கப் போன வேம்புலியின் தோளில் உருட்டுக்கட்டையால் சாத்தினான். கீழே விழுந்தவனை முதுகில் ஏறி மிதித்தான். பொன்னியம்மா தண்ணீரோடு இருந்த எவர்சில்வர் குடத்தைத் தூக்கி அவன் வாயிலேயே இறக்கினாள். பல் இரண்டு ரத்தத்தோடு மண்ணில் விழுந்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவன் நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிட்டான். வேம்புலியோ "சுளுக்குதான்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் முடங்கினான். பெண்டாட்டி கண்ணெதிரே அடிபட்ட வெட்கம். மறுநாள் பொன்னியம்மா மேல் வழக்குப் பதிவானது, அதுவும் ஸ்டேஷன் ஜாமீன் கிடைக்காத பிரிவில். பிடித்தால் புழல் ஜெயில்தான்.

சொந்தக்காரன் ஒருவன் அவர்களை ராஜசேகரன் வக்கீலிடம் கூட்டிப் போனான். காருக்கு முன்னும் பின்னும் வக்கீல் ஸ்டிக்கர், ஊரைக் கூட்டும் குரல். அதைப் பார்த்தே எங்கள் ஜனம் மயங்கிவிடும்.

அவர் பொன்னியம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "ஒடம்புல ஒரு கீறல் இல்ல. நான் எத்த வெச்சிக்கினு எதிர்கேஸ் போடுறது? எலும்பு கிலும்பு ஒடைஞ்சிருந்தா அவனையே உள்ள தள்ளிரலாம். ஊட்டுக்குப் போய் யோசிங்க."

யோசித்தார்கள். சாயங்காலம் துவைக்கிற கல்லின் மேல் இடது கையை நீட்டி வைத்துக்கொண்டு, பொன்னியம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். வேம்புலி செங்கல்லால் அடித்தான். முதல் அடியில் விரல் நசுங்கியது. அடுத்ததில் மணிக்கட்டு முறிந்த சத்தம் என் அடுப்படி வரை கேட்டது. நான் ஓடினபோது அவள் சுருண்டு கிடந்தாள், அவன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அந்த வக்கீல் அப்போது எதிரில் இருந்திருந்தால் அதே செங்கல்லை அவர் மண்டையில் போட்டிருப்பேன்.

பெரியாஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் பிடித்துவிடும் என்று பயந்து மாங்காட்டு கிளினிக்குக்குப் போனோம். அங்கே கட்டுப் போட்ட நர்ஸ் நாகம்மா எங்களிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. "இந்த மாதிரி கை எனக்குப் புதுசில்ல. பூந்தமல்லி கோர்ட்ல கனிமொழின்னு ஒருத்தவங்க கீறாங்க, அவங்களப் போய்ப் பாருங்க" என்றாள்.

கனிமொழி வக்கீல் கட்டைப் பார்த்துவிட்டு, "யாரு ஒடைச்சது?" என்றார்.

"உதயகுமாரு" என்றாள் பொன்னியம்மா.

"எங்கிட்ட பொய் சொல்றதா இருந்தா வேற ஆளப் பாரும்மா."

பொன்னியம்மா தலைகுனிந்தாள். "எம் புருசன்தான்."

வக்கீல் வேம்புலி பக்கம் திரும்பினார். "எந்தக் கையால அடிச்ச?"

"பீச்சாங்கையால."

"ஏன்?"

"சோத்துக்கை மேல தூக்க வரல மேடம்."

"சட்டையக் கழட்டு."

அவனால் கழற்ற முடியவில்லை, நான்தான் உருவினேன். வலது தோள் கறுத்து வீங்கிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது கழுத்தெலும்பு இரண்டாக முறிந்திருந்தது. உதயகுமார் உடைத்த எலும்பு. பொன்னியம்மா கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், இந்த எலும்பைக் காட்டியே கனிமொழி முன்ஜாமீன் வாங்கினார். உதயகுமார் மேலும் வழக்குப் பதிவானது.

உத்தரவு கிடைத்த அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேம்புலி மட்டும் வக்கீலிடம் போய் நின்றான்.

"அப்போ நான் இவ கைய ஒடைச்சது சும்மாத்தானா மேடம்?"

பொன்னியம்மா நல்ல கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வா, ஊட்டுக்குப் போலாம்."