காவலுக்குப் போன கப்பல்

தொண்ணூறுகளில் ஒருநாள், ரொறன்ரோ ஏரிக்கரையில் பார்வைக்கு நிறுத்தியிருந்த பழைய போர்க்கப்பலுக்கு மகளின் வகுப்போடு துணையாகப் போனேன். இரண்டாம் உலகப் போரில், உணவு ஏற்றிய கப்பல்களுக்கு அத்திலாந்திக் கடலில் காவலாகப் போன கப்பல் அது.

மேல்தளத்தில் நின்றபோது ஏரியில் ஒரு மோட்டார்ப் படகு இரைந்தது. "நேவி! குனி!" என்று கத்தி, மகளையும் இழுத்துக்கொண்டு தளத்தில் விழுந்தேன். ஊரில் போர் நடந்தபோது, இரைந்து வரும் கடற்படைப் படகுகளுக்குத் தப்பி, கடலேரியைப் படகில் கடந்தவள் நான். அந்த இரைச்சலுக்கு உடம்பு வேறு பொருள் அறியாது, இன்றும்தான்.

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அம்மா, எழும்புங்கோ. எல்லாரும் பாக்கினம். நாங்கள் நிக்கிறதே நேவிக் கப்பலிலதான்," என்றாள் மகள், முகம் சிவந்து.

அந்தக் கப்பலிலேயே போருக்குப் போன முதியவர்தான் எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர். என்னைக் கைகொடுத்து எழுப்பிவிட்டு, மூழ்கிய கப்பல்களின் ஆட்களைக் கயிற்று வலையில் ஏற்றி இதே தளத்தில் கிடத்தியதைச் சொன்னார். "எதிரிகளையுமா?" என்று கேட்டேன். "அவர்களையும்தான். நனைந்தபின் எல்லாரும் ஒரே மாதிரித்தான் நடுங்கினார்கள்," என்றார்.

சாப்பாட்டு நேரம் என்றார் ஆசிரியை. பேசாமல் போயிருக்கலாம். ஆனால் அப்படிப் போனால், மகள் அந்தச் சிரிப்பை மட்டுமே வீட்டுக்குக் கொண்டுபோவாள். நான் அசையவில்லை.

"நான் பார்த்த நேவி, தண்ணீரில் விழுந்தவர்களைச் சுட்டது. அதுதான் விழுந்து படுத்தேன்," என்றேன் ஆங்கிலத்தில், அந்தப் பிள்ளைகளைப் பார்த்து. மெல்லத்தான் சொன்னேன்.

மகள் என் அருகில் வந்து நின்றாள்.

"சத்தமாச் சொல்லுங்கோ அம்மா. பின்னுக்கு நிக்கிறவைக்குக் கேக்கேல்லை."