கலியாண வீட்டில் குளிசைப் பொட்டலம்

என் மனைவி ஜெயரூபியோடு கலியாண வீட்டுக்குப் போவது பெரிய கரைச்சல். பந்தி எப்போது வைப்பார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். மணப்பெண்ணின் கை எப்போது சும்மா இருக்கும் என்று அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். மணவறைக்குப் போய் வாழ்த்துச் சொல்லி, பெண்ணின் உள்ளங்கையில் ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலத்தை வைத்து விரல்களை மூடிவிடுவாள். காதுக்குள் நாலு வசனம் சொல்வாள். பிறகு என்னிடம் வந்து, "இஞ்சேருங்கோ, வாங்கோ போவம். இன்னும் ரெண்டு வீடு பார்க்கவேணும்" என்று கிளப்பிவிடுவாள். மல்லாவிப் பக்கத்தில் இப்படி நான் இழந்த பாயாசங்களுக்குக் கணக்கே இல்லை.

அவள் எங்கள் பகுதியின் குடும்பநல மாது. சனத்துக்கு மிஸி. ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்ப்பது அவளுடைய வேலை. நான் யோகநாதன், வயல் செய்கிறவன். பொட்டலத்தில் இருப்பது போலிக் அமிலக் குளிசை, ஒரு விற்றமின் மாத்திரை. புதிதாக மணம் முடித்தவர்களுக்குக் கிளினிக்கில் சும்மா கொடுப்பதுதான். ஆனால் அவர்கள் கிளினிக்குக்கு வரும்வரை காத்திருக்க இவளுக்குப் பொறுமை இல்லை. அதற்குக் காரணம் யதுர்ஷிகா.

யதுர்ஷிகா எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் வாழ்க்கைப்பட்டு வந்த பெண். அவளுடைய தலைப்பிள்ளை முள்ளந்தண்டு மூடாமல், முதுகில் திறந்த புண்ணோடு பிறந்தது. நாலு நாள்தான் இருந்தது.

எங்கள் ஊரில் வயிற்றில் பிள்ளை தங்கினால் மூன்று மாதம் முடியும்வரை மூச்சுவிட மாட்டார்கள். கண்பட்டுவிடுமாம். மிஸிக்கும் கண் இருக்கிறதுதானே, அதனால் மிஸிக்கும் சொல்வதில்லை. யதுர்ஷிகாவையும் நாலாம் மாதம்தான் பதிவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஜெயரூபி அன்றைக்கே குளிசையைக் கொடுத்தாள்.

"முதுகு மூடுறது முதல் நாலு கிழமையிலை. தாய்க்கே சரியாத் தெரியாத நேரம். நாலாம் மாதம் நான் குளிசை குடுத்து என்ன பிரயோசனம்?" என்று செத்தவீட்டுக்குப் போய் வந்த அன்று கேட்டாள். சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருந்தாள். அந்தக் கேள்வி அவளை நெடுநாள் அரித்தது. அடுத்த கலியாணத்தில் பொட்டலம் தொடங்கிவிட்டது.

இரண்டு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லாமல் போனது. பிறகு ஒரு கலியாணத்தில் வீடியோக்காரர் பொட்டலம் கைமாறுவதைக் கிட்டவாக எடுத்துத் தொலைத்துவிட்டார். வீட்டுக்கு வீடு அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். மெல்லிய கடதாசிக்குள்ளால் வட்டம் வட்டமாகத் தெரிந்ததில், மிஸி பெண்களுக்குக் குளிசை கொடுக்கிறா என்பது தெரிந்துவிட்டது. மணவறையில் வைத்து ஒளித்துக் கொடுக்கிற குளிசை வேறு என்னவாக இருக்கும்? பிள்ளை தரிக்காமல் இருக்கக் கொடுக்கிறா என்று ஊர் முடிவுகட்டியது.

அந்தக் கதை யதுர்ஷிகாவின் மாமி இராசேஸ்வரியின் காதுக்கும் போனது. அதுவும் கெட்ட நேரத்தில் போனது. யதுர்ஷிகா பயத்தை விட்டு மறுபடியும் ஒரு பிள்ளைக்கு ஆசைப்பட்டிருந்த நேரம் அது. ஒரு பிள்ளை அப்படிப் பிறந்ததால் டாக்குத்தர் கூடிய அளவுக் குளிசை எழுதி, மூன்று மாதம் போட்ட பிறகுதான் பிள்ளையைப் பற்றி யோசிக்கவேணும் என்று சொல்லியிருந்தார். அந்தக் குளிசைப் போத்தல் ஒருநாள் அலுமாரியில் இருந்து காணாமல் போனது. யார் எடுத்தது என்று யதுர்ஷிகாவுக்குத் தெரியும். மாமியிடம் கேட்கப் பயம், மிஸியிடம் சொல்ல வெட்கம். மூன்று கிழமை வாய் திறக்கவில்லை.

ஜெயரூபி அவர்கள் வீட்டுக்குப் போன நாளில் ஸ்கூட்டி திருத்தவென்று கராச்சில் கிடந்தது. நான்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். "எங்கை பிள்ளை, குளிசைப் போத்தல்?" என்று இவள் கேட்க, யதுர்ஷிகா நிலத்தைப் பார்த்தாள். இராசேஸ்வரி குசினிக்குள் இருந்து வந்தார்.

"நான்தான் எடுத்தனான். ஒண்டைப் பறிகுடுத்திட்டு நிக்கிற பிள்ளைக்கு, இனிப் பிள்ளையே வேண்டாமெண்டு குளிசை குடுக்கிறியள். உங்களுக்கு எப்பிடி மிஸி மனம் வந்தது?"

இவளுடைய கோபம் எனக்குத் தெரியும். இன்றைக்கு ஊர் திரளப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் இவள் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"அக்கா, நீங்கள் வயல் செய்யிறனியள். அடிக்கட்டுப் பசளை எப்ப போடுவியள்?"

"உதென்ன கேள்வி? விதைக்க முதல்."

"பயிர் வளர்ந்தாப் பிறகு போட்டால்?"

"அது மேற்கட்டு. விதைக்க முதல் போடாததை அது ஈடுசெய்யாது."

"உது அடிக்கட்டுப் பசளை அக்கா. பிள்ளை தரிக்க முதலே தாயின்ர உடம்பிலை இருக்கவேணும். பிள்ளையைத் தடுக்கிற குளிசை இல்லை உது."

நான் வயல் கதை தொடங்கினால் கொட்டாவி விடுகிறவள் இவள். பதினைந்து வருடம் கொட்டாவிக்கு நடுவில் எல்லாவற்றையும் கேட்டுத்தான் வைத்திருக்கிறாள்.

இராசேஸ்வரி வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டார். "போனமுறை ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு மறைக்கச் சொன்னது நான்தான்" என்றார்.

"ரெண்டாம் மாதம் சொல்லியிருந்தாலும் பிந்தித்தான் அக்கா. உங்களிலை பிழையில்லை."

தனக்குத் தானே ஒருநாளும் சொல்லாத ஆறுதலை இவள் அவருக்குச் சொன்னாள்.

"உதைப் போட்டால் பிள்ளைக்கு ஒண்டும் வராதோ மிஸி?"

"சத்தியம் செய்து தர ஏலாது. ஆபத்து நல்லாக் குறையும்."

இராசேஸ்வரி எழும்பிப் போய் நெல் மூடைக்குள் கையை விட்டுப் போத்தலை எடுத்து வந்தார். விட்ட நாட்களுக்காக மறுபடியும் முதலில் இருந்து மூன்று மாதம். இந்தமுறை போத்தல் மாமியின் காவலில் இருந்தது. காலையில் குளிசையும் தண்ணீருமாக வந்து நின்று, மருமகள் விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொல்வாராம்.

குளிசை திரும்பத் தொடங்கி ஐந்தாம் மாதம் ஒருநாள் விடியவே எங்கள் வீட்டில் போன் அடித்தது. "நாள் தள்ளிப் போட்டுது மிஸி. ஊருக்குச் சொல்லேல்லை. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்" என்றார் இராசேஸ்வரி. இவள் போனை வைத்துவிட்டு எனக்கு இரண்டு முட்டை பொரித்துத் தந்தாள்.

ஸ்கானில் எல்லாம் சரி என்றார்கள். பெண்பிள்ளை பிறந்தபோதும் சரி என்றார்கள். ஆனால் தன் விரலால் தடவிப் பார்க்கும்வரை இவள் எதையும் நம்பவில்லை. ஆசுப்பத்திரியில் இருந்து அவர்கள் வீட்டுக்கு வந்த மறுநாள், "ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகுதில்லை, கொண்டுபோய் விடுங்கோ" என்றாள். முதல்நாள் அதில் கடைக்குப் போய் வந்தவன் நான். மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

நாங்கள் போய்க் கை கழுவ முன்னரே இராசேஸ்வரி பிள்ளையைக் குப்புறத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "முதல்லை இதைப் பாருங்கோ மிஸி. பிறகு தேத்தண்ணி குடிக்கலாம்."

இவள் கை கழுவிவிட்டு வந்து, கழுத்தில் இருந்து அடிவரை ஒரு விரலால் மெல்லத் தடவினாள். திரும்பவும் தடவினாள். மூன்றாம் முறை தடவ, "காணும் மிஸி, பிள்ளைக்குக் கூசுது" என்றார் இராசேஸ்வரி. யதுர்ஷிகா சிரித்தாள். ஜெயரூபி பிள்ளையின் முதுகில் கையை வைத்தபடி அழுதாள். சந்தோசத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்த ஆவணியில் இராசேஸ்வரியின் இளைய மகனுக்குக் கலியாணம். இவள் வழக்கம்போலப் பொட்டலத்தோடு மணவறைப் பக்கம் போக, இராசேஸ்வரி வழியில் மறித்தார்.

"பொம்பிளையைப் போன மாதமே நான் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் எடுத்துக் குடுத்திட்டன். நீங்கள் போய்ப் பந்தியிலை இருங்கோ."

இவள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். பாயாசம் மூன்று தரம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.