தனி ஆள் என்று எழுதச் சொன்ன நிலோஃபர்

பர்மாவில், பசுந்தாங்கில் எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் நிலோஃபர் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஆனால் அமெரிக்க வருமான வரியைப் பற்றி ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டாள். சந்தையில் ஓர் அரிசிக் கடைக்குக் கணக்கு எழுதுகிறாள். தம்பி தவ்ஹீத் இந்தியானாவில் கிடங்கு வேலைக்குச் சேர்ந்தபோது அவனுடைய வரிப் படிவத்தைப் போனிலேயே சரிபார்த்துக் கொடுத்தாள். விஷயம் பரவிவிட்டது. இப்போது மார்ச் பிறந்தால் அங்குள்ள பர்மாத் தமிழர்களில் பாதிப் பேர் "மா நிலோஃபர், மா நிலோஃபர்" என்று பர்மிய மரியாதையோடு கூப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். கூலி வாங்கமாட்டாள். யாராவது ஊருக்கு வரும்போது சாக்லேட் கொண்டுவருவார்கள். அது எங்கள் வீட்டுக்கும் இறங்கி வரும்.

இந்த வருஷம் எல்லோருடையதும் முடிந்து தம்பியுடையது மட்டும் நின்றது. மறுநாளோடு கெடு முடிகிறது. இங்கேயோ திஞ்ஜான், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா; ஊரே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டில் கரண்ட் இல்லை. சிக்னல் தெருமுனையில்தான். தண்ணீர் பீய்ச்சும் மேடையும் அங்கேதான். நிலோஃபர் போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். வாசலில் நின்ற என் கையில் குடையைத் திணித்தாள். பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

அமெரிக்காவில் வைத்தியச் செலவுக்கென்று வரியில்லாமல் பணம் போட்டுவைக்க ஒரு சேமிப்புக் கணக்கு உண்டு. இன்சூரன்ஸ் ஒருவருக்கு மட்டும் என்றால் வருஷத்துக்கு ஒரு வரம்பு; குடும்பத்துக்கு என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. தவ்ஹீத் கூசாமல் இரட்டிப்பாகப் போட்டு, படிவத்திலும் 'குடும்பம்' என்று குறித்திருந்தான். இன்சூரன்ஸோ அவன் ஒருவனுக்கு மட்டும். தெருமுனையில் ஸ்பீக்கரில் கூப்பிட்டு நிலோஃபர் அதைக் கேட்டாள்.

"ஏன், எனக்குக் குடும்பம் இல்லயா லாத்தா? உம்மா இருக்காங்க. நீ இருக்கே."

"நாங்க ஒன் இன்சூரன்ஸுல இருக்கமாடா? எனக்குப் பல்லு வலிச்சா அமெரிக்காக்காரனா வந்து புடுங்குவான்? கூடப் போட்டத இப்பவே திருப்பி எடுக்க எழுதிப் போடு. வரிக் கழிவுல அதச் சேக்காதே. விட்டா வருஷா வருஷம் அபராதம்."

"எடுத்துர்றேன். ஆனா 'தனி ஆள்'னு போட மனசு வரல லாத்தா."

மேடையிலிருந்து ஒரு குழாய் எங்கள் பக்கம் திரும்பியது. குடை மல்லாந்தது. நிலோஃபர் வீறிட்டுச் சிரித்தாள். திரும்பிப் பார்த்தால் அவள் உம்மா மதீனா பீவி, முக்காட்டில் நீர் சொட்ட நிற்கிறார்.

"யாருடி தனி ஆளு? எம்புள்ளய அநாதைன்னா சர்க்காருக்கு எழுதிக் குடுக்குறே?"

"உம்மா, இது இன்சூரன்ஸ் சங்கதி!"

"இன்சூரன்ஸோ கத்தரிக்காயோ! நான் உசுரோட இருக்கேன்னு எழுதுடி!"

பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது. "லாத்தா, கல்யாணம் பண்ணிக்கிட்டா குடும்பம்னு போடலாமா?"

"அவளையும் ஒன் இன்சூரன்ஸுல சேத்தா அடுத்த வருஷம் போடலாம்."

"மே மாசமே சேக்கலாமா?"

நிலோஃபர் என்னைப் பார்த்தாள். நான் மல்லாந்த குடையைப் பார்த்தேன்.

"யாருடா அவ?"

"மிஸ்பா. வூடு நம்ம பக்கத்து ஊரு கியாக்தான்தான். இங்க எங்கூட வேல பாக்குறா."

உம்மா உறையை எட்டிப் பிடித்து இழுத்தார். கயிற்றோடு நிலோஃபரின் கழுத்தும் போனது. "குடுடி போன!"

"இருங்க உம்மா! டேய், மொதல்ல தனி ஆள அமுக்கு. அமுக்குனாத்தான் போன் கைமாறும்!"

"உம்மா திட்டுவாங்களா?"

"எனக்கென்ன தெரியும்? அமுக்குடா!"

மேடையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எங்களுக்காகக் கைதட்டினார்கள்.

"அமுக்கிட்டேன். கூடப் போட்டதுக்கும் எழுதியாச்சு. கழிவுலயும் கொறச்சாச்சு. படிவம் போயிருச்சு லாத்தா, போயிருச்சு!"

நிலோஃபர் கயிற்றைக் கழற்றி உம்மாவிடம் கொடுத்துவிட்டு, குழாய் பாய்ந்த இடத்துக்கு ஓடி இரண்டு கையையும் விரித்து நின்றாள். உம்மா உறையைக் காதோடு அழுத்திக்கொண்டார். "கியாக்தான்ல எந்தப் பக்கம்? வாப்பா பேரென்ன? இரு, இரு." தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. துடைக்கக்கூட இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கியாக்தானுக்கு இப்ப பஸ் ஓடுமா?"

"திஞ்ஜான்ல ஓடாதும்மா."

"லாரி?"