டக்கு பிடித்த நாற்காலி

எங்கள் பள்ளியில் தண்ணீர் கேன் உட்காருவதற்கென்று ஒரு சக்கர நாற்காலி இருக்கிறது. அரசாங்கம் அதைக் கேனுக்காக அனுப்பவில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பெண்ணுக்காக அனுப்பியது. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் நடக்க ஒத்துழைக்கவில்லை. அளவெடுத்து, அனுமதி வந்து, நிதி ஒதுக்கி, நாற்காலி வந்து இறங்கியபோது அவள் மூன்றாம் வகுப்புக்குப் போயிருந்தாள். உட்கார வைத்தோம். அவளைத் திரும்ப வெளியே எடுக்க முடியவில்லை. நானும் தலைமையாசிரியையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வாய் குறுகிய பாட்டிலிலிருந்து ஊறுகாய் எடுப்பதுபோல் எடுத்தோம்.

பள்ளி இருப்பது செல்லூரில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே. நான் அங்கே ஆசிரியர். அவளுடைய அப்பா தறிக்குப் போகிற அவசரத்தில் சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் விடுவார். வாசலிலிருந்து வகுப்பு வரைக்கும் நான் தூக்கிப் போவேன். பாடம் நடத்துவதில் எனக்குப் பெரிய பெயர் இல்லை. தூக்குவதில் இருந்தது.

ஐந்தாம் வகுப்பு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். பாதி வழியில், என் கையில் இருந்தபடியே சொன்னாள்.

"சார், இனிமே தூக்காதீங்க."

"ஏம்மா, நீ கனமா இருக்கேன்னு நான் என்னைக்காச்சும் சொன்னேனா?"

"நீங்க மூச்சு வாங்குறத பசங்க எண்ணுறாங்க சார். நேத்து நாப்பத்தொண்ணு."

"அம்புட்டுதானா?"

"எனக்குப் பத்து வயசாயிருச்சு சார். ஆறாப்புக்கும் தூக்கித்தான் கொண்டாருவீங்கன்னா நான் வர மாட்டேன். வீட்லயே இருந்துக்கிறேன்."

இறக்கி விட்டேன். அன்றைக்கு நாற்பத்து நான்கு என்று பின்வரிசையிலிருந்து தகவல் வந்தது.

அந்த மாதமே புது நாற்காலிக்கு அளவெடுக்கும் முகாம் நடந்தது. டேப்போடு வந்தவர் அளவைச் சொல்வார், நான் படிவத்தில் எழுத வேண்டும். அவளுடைய அம்மா வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவர். பாதி செல்லூருக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பவர். என் காதருகே வந்தார்.

"சார், வளர்ற பிள்ளை. போன தடவை பட்டது போதும். ரெண்டு இன்ச் கூட்டி எழுதுங்க."

"இடுப்பு அகலம் பன்னெண்டு" என்றார் டேப்காரர்.

நான் பதினைந்து என்று எழுதினேன். அந்த மூன்றாவது இன்ச் என் சொந்த முடிவு. இருபது வருடமாக அரசாங்கத்தை அருகில் இருந்து பார்த்தவன். நாற்காலி வரும்போது இவள் ஏழாம் வகுப்பில் இருப்பாள், அளவு கச்சிதமாகப் பொருந்தும், எல்லாரும் என் தீர்க்கதரிசனத்தைப் பாராட்டுவார்கள் என்று நினைத்தேன்.

இருபதாவது நாள் நாற்காலி வந்துவிட்டது.

என் சர்வீஸில் நேரத்துக்கு வந்த முதல் அரசுப் பொருள் அது. தலைமையாசிரியை வண்டிக்காரரிடம், "வேற ஸ்கூலுக்குப் போக வேண்டியதா இருக்கும், நல்லாப் பாருங்க" என்று இரண்டு தடவை சொன்னார். அவளை உட்கார வைத்தோம். டப்பாவுக்குள் தாயக்கட்டை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டாள். கை இரண்டையும் விரித்தால் சக்கரத்தை விரல் நுனி தொட்டது, பிடிக்க முடியவில்லை. வகுப்புக் கதவில் ஒரு பாதியை எந்தக் காலத்திலோ ஆணியடித்து மூடியிருந்தார்கள். ஆணியைப் பிடுங்கினால் நிலையும் கூடவே வந்துவிடும். மீதிப் பாதியில் நாற்காலி நுழையவில்லை.

"யாரு சார் அளவு எழுதுனது?" என்றாள்.

நான் வானத்தைப் பார்த்தேன். செல்லூரில் வானம் கொஞ்சம்தான் தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

நாற்காலி அனுப்பிய அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"மாத்தித் தர நிதி அடுத்த ஒதுக்கீட்டுலதான்ணே வரும். ரிப்பேருக்குன்னா இப்பவே இருக்கு" என்றார் எழுத்தர்.

"அப்ப ரிப்பேர்னு போட்டுக்கங்க."

"என்ன ரிப்பேரு?"

"பெருசா இருக்கு."

"பெருசா இருக்குறதெல்லாம் ரிப்பேர்ல சேராதுண்ணே. ஒடைஞ்சிருக்கணும்."

போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். சட்டத்தை ஒரு புள்ளி கூட மீறாத எங்கள் தலைமையாசிரியை கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், மொட்டை மாடிச் சாவி ஒங்ககிட்டதான இருக்கு?" என்றார். பிறகு அவரே தலையை ஆட்டி, "வேணாம், பாவம், புதுசு" என்றார்.

சனிக்கிழமை நாற்காலியை மடக்கி ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். அவனியாபுரத்தில் என்கூடப் பத்தாவது படித்தவன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். ஆட்டோவில் ஓர் அம்மா நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நகர்ந்து ஓர சீட்டைக் கொடுத்தார்.

"எந்தக் காலுப்பா?"

இல்லையென்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் இன்னொருவர் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இவ்வளவு மரியாதை எனக்குக் கல்யாணத்தன்றுகூடக் கிடைத்ததில்லை.

"இடது" என்றேன்.

இறங்கியதும் ஆட்டோ கண்ணில் மறையும்வரை நொண்ட வேண்டியதாயிற்று. பட்டறை வாசலில் நின்றிருந்தவன் அதையும் பார்த்தான்.

"மாப்ள, என்னடா ஆச்சு ஒனக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நாற்காலிதான் பெருசு."

விரித்துப் போட்டு டேப்பை வைத்தான். "இம்புட்டு லூசா எவன்டா அளவு குடுத்தது?"

"நாந்தான்."

"அதான பார்த்தேன். ஸ்கேலு புடிக்கத் தெரியாத பயலுக்கு வாத்தியார் வேலை குடுத்துருக்காய்ங்க."

சீட்டுக்கு அடியில் குறுக்கே போகிற இரண்டு குழாய்களிலும் இரண்டிரண்டு இன்ச் அறுத்தெடுத்துவிட்டுத் திரும்பப் பற்றவைத்தான். அறுத்த துண்டுகளை என் கையில் வைத்து மூடினான்.

"ரெண்டு இன்ச் டக்கு புடிச்சிருக்கேன். மீதி ஒரு இன்ச்ச வளர்றதுக்கு விட்டுருக்கேன். துண்டைத் தூக்கிப் போட்றாத. பிள்ளை வளர்ந்தா கொண்டா, சேத்துப் பத்தவச்சுத் தாரேன்."

சீட்டுத் துணியில் டக்கு பிடித்தது அவளுடைய அம்மா. பாவாடையில் மடித்துத் தைப்பாரே, அதே தையல், பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை அவள் சரிவுப் பாதையில் தானே உருட்டி ஏறி வந்தாள். கதவுக்கு நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"தள்ளுங்க சார்."

ஓடிப்போய்ப் பின்னால் கைப்பிடியைப் பிடித்தேன்.

"அந்தத் தள்ளு இல்ல சார். தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளியில் நாற்காலி உள்ளே போனது. பின்வரிசையில் எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல் பையன்கள் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

பத்து நாள் கழித்து அலுவலர் ஒருவர் ஆய்வுக்கு வந்தார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அவர் காலி நாற்காலியில் டேப்பை வைத்தார், படிவத்தைப் பார்த்தார், மறுபடி டேப்பை வைத்தார்.

"பேப்பர்ல பதினஞ்சு இருக்கு. இதுல பதிமூணுதான் இருக்கு. ரெண்டு இன்ச் எங்க சார்?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் மேஜை டிராயரைத் திறந்து, நியூஸ் பேப்பரில் சுற்றி வைத்திருந்த குழாய்த் துண்டுகளை எடுத்துக் கொடுத்தேன்.

"அரசுப் பொருளை அறுத்துருக்கீங்க. நான் எழுதுனா நாற்காலி திரும்பிப் போயிரும், தெரியும்ல? பதிலுக்கு எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும் சார்" என்றேன். அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். பேனா நின்றுவிட்டது.

துண்டுகளைக் கையில் உருட்டியபடி அவர் போய்க் கதவு நடுவில் நின்றார். சாப்பாட்டு மணி அடித்தது. அவள் பெஞ்சிலிருந்து கையை ஊன்றி நாற்காலிக்கு மாறி, உருட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"தள்ளுங்க சார்."

அவர் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அவசரமாகக் கைப்பிடிக்கு வந்தார்.

"அந்தத் தள்ளு இல்ல சார்" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். அவள் அவரைத் தாண்டி, கதவைத் தாண்டி, வராண்டா கடைசி வரைக்கும் போனாள். அதுவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாப்பிட்டுத் திரும்பியவளை அப்படியே நிறுத்தினார். சீட்டின் ஓரத்தில் ஒரு துண்டை வைத்தார். டேப்பை நீட்டிப் பிடித்தார்.

"பதிமூணும் ரெண்டும் பதினஞ்சு. இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அப்ப சரி. ஆனா போட்டோவுல நாற்காலி முழுசா இருக்கணும்."

இரண்டு துண்டுகளையும் அவள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்து, நேராகப் பிடிக்கச் சொல்லிவிட்டு போனைத் தூக்கினார்.

"இத எதுக்கு சார் புடிக்கணும்?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"நீ வளர்றதுக்கும்மா."

"அதுக்கு எம்புட்டு நேரம் புடிச்சிட்டு இருக்கணும்?"