நாய் மார்க் பிஸ்கட்

ஜெர்மனியில் என் வீட்டுக்குப் பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் அரிசிக்கு அரை அலமாரிதான். நாய், பூனைத் தீனிக்கோ ஒரு வரிசை முழுவதும் ஒதுக்கியிருக்கிறார்கள். மேலே 'டியர்நாருங்' என்று பலகை தொங்கும். பிராணிகளின் உணவு என்று அர்த்தம். வயதான நாய்க்குத் தனி டின், குண்டுப் பூனைக்குத் தனி டின். ஊரிலிருந்து வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு போட்டோ எடுப்பார்கள். நான் மட்டும் எட்டு வருடமாக அந்த வரிசையைத் தலையைக் குனிந்துகொண்டு கடக்கிறேன். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை, போன மாதம் திருவண்ணாமலையில் சொல்ல வேண்டி வரும் வரை.

ஊருக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு ஹெல்கா இரண்டு பெரிய பொட்டலங்களைக் கொண்டுவந்து நீட்டினார். தனியாக ஒரு நாயோடு வாழ்கிற அறுபது வயதுக்காரர். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் என் அக்கா செல்வி வளர்க்கும் நாய் மணியின் படத்தை ஒருமுறை காட்டியிருந்தேன். மணிக்காம். வட்ட வட்டமான நாய் பிஸ்கட். பெட்டியில் ஓரமாகச் செருகினேன், அதோடு மறந்தும் போனேன்.

நம் பக்கத்தில் வெளிநாட்டுப் பெட்டியைத் திறப்பது வந்தவன் வேலை இல்லை, அவனைக் கேட்கவும் மாட்டார்கள். நான் விமானக் களைப்பில் தூங்க, அக்கா பெட்டியைப் பிரித்துப் பங்கு போட்டு முடித்துவிட்டாள். மதியம் எழுந்து வந்தால், கூடத்தில் அக்கா மகள் கவிதா பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருக்கிறாள். கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், ஐந்து மாதக் கர்ப்பிணி, ஓய்வுக்காகத் தாய்வீடு வந்திருந்தாள்.

"மாமா, இது சூப்பருங்க. இனிப்பே இல்ல. எத சாப்ட்டாலும் வாந்தி வந்துனு இருந்துச்சு. இது ஒண்ணுதான் உள்ள நிக்குது."

பக்கத்தில் கிடந்த பொட்டலத்தில் ஒரு நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது.

"அக்கா, இத யாருக்கெல்லாம் குடுத்த?"

"தெருவுல நாலு வூட்டுக்கு ஒரு பாக்கெட்ட பிரிச்சு குடுத்துட்டேன். இன்னொண்ணு கவிதாவுக்குனு வெச்சேன். ஏண்டா?"

"மேல நாய் படம் போட்டிருக்கே, பாக்கலயா?"

"பாத்தேன். நாய் மார்க்கு. அதுக்கின்னா இப்போ?"

அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? யானைப் படம் போட்ட பொட்டலத்தில் யானைக்கான தீனியா இருக்கிறது? மயில், மான், ஒட்டகம் எல்லாம் நமக்கு வெறும் மார்க்தான். நாய் மட்டும் என்ன பாவம் செய்தது?

எனக்கு உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. தேதி முடிந்துவிட்டது, யாரும் தொடாதீர்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லி, மொட்டை மாடிக்கு ஓடி, மலையைப் பார்த்தபடி ஹெல்காவுக்குப் போன் போட்டேன். பிஸ்கட் பிடித்ததா என்றார். எல்லோருக்கும் பிடித்தது என்று என்னையறியாமல் உளறினேன். "எல்லோருக்குமா? எத்தனை நாய் வைத்திருக்கிறீர்கள்?" என்றார். நான் தயங்கித் தயங்கி, இதை மனிதர்கள் சாப்பிட்டால் ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "உங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்றார். அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது. இல்லை, சும்மா கேட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

கீழே வந்தால், கவிதா சமையலறையில் பிஸ்கட்டைக் கொட்டி வைத்த டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து வாயில் வைக்கிறாள்.

"டேட்டு முடிஞ்சா இன்னா மாமா, ஒண்ணும் ஆவாது."

"கவிதா, துப்பு! அது நாய்க்கு வாங்கினது!"

டப்பா கீழே விழுந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். வாயைக் கழுவிய கவிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கொழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா மாமா?" என்று அழுததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அப்போதே ஆட்டோ பிடித்து டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம்.

"பயப்படாதீங்க, நாலஞ்சு சாப்ட்டதால பெருசா ஒண்ணும் ஆவாது," என்றார் அவர். "ஆனா இது மனுஷங்களுக்குனு செய்யறது இல்ல. கிருமி இருக்கலாம். ஈரல் ஜாஸ்தி சேத்திருந்தா மாசமா இருக்கறவங்களுக்கு நல்லதில்ல. இனிமே தொடாதீங்க. ஜுரமோ பேதியோ வந்தா ஒடனே வாங்க."

திரும்பும்போதும் கவிதா அழுகையை நிறுத்தவில்லை. "நம்மள சமாதானப்படுத்த சொல்றாங்க. ஒண்ணும் ஆவாதுனு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நான் சாப்ட்டிருக்கேன். ஒரு மாசம்."

சொல்லிவிட்டேன். படிக்கப் போன புதிதில் ஜெர்மன் ஓர் எழுத்து தெரியாது. கடையில் இருந்ததிலேயே மலிவான மீன் டின்னில் பூனைப் படம் போட்டிருந்தது. பூனை மார்க் மீன் என்று நினைத்தேன். தினமும் சோற்றில் பிசைந்து, மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிட்டேன். விடுதிச் சமையலறையில் ஒரு பையன் டின்னைக் கையிலிருந்து வாங்கிப் பார்த்து, இது பூனைக்கானது என்று சொன்ன அன்று, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்று மாலையே அக்கா போனில் என்ன சாப்பாடு என்று கேட்டாள். மீன் குழம்பு என்றேன்.

கவிதாவின் அழுகை சட்டென்று நின்றது. இப்போது அக்கா அழத் தொடங்கினாள். ஆட்டோ கலெக்டர் ஆபீஸைத் தாண்டியும் அவள் அழுகை நிற்கவில்லை. "தெனம் மீனு, கறினு சொன்னியேடா. என் தம்பி ராசாவாட்டம் இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லினு திரிஞ்சேனேடா."

மறுநாள் அக்காவே நாலு வீட்டுக்கும் போய் உண்மையைச் சொன்னாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கவிதாவுக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மிச்ச பிஸ்கட்டை மணிக்கு வைத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டுத் தயிர்சோற்றுக்குப் போய்விட்டது.

நான் கிளம்பும்போது பெட்டியைக் கட்டியதும் அக்காதான். இங்கே வந்து பிரித்தால், பருப்புப்பொடி, வேர்க்கடலைப்பொடி, வற்றல் என்று ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் கறுப்பு மையில், கொட்டை எழுத்தில், "மனுஷங்க சாப்புடறது" என்று எழுதியிருந்தாள்.

நேற்று காபி குடிக்க வந்த ஹெல்கா அலமாரியைப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். "வேறு யார் சாப்பிடுவார்களாம்?" என்று வாய்விட்டுச் சிரித்தார். நானும் கூடச் சிரித்துவைத்தேன். அவர் போன பிறகு, எழுத்து வெளியே தெரியாதபடி பொட்டலங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கப் போனேன். ஒன்றைத் திருப்பினேன். மனசு கேட்கவில்லை. அதையும் பழையபடியே வைத்துவிட்டேன்.